காற்றின் எதிரே ஓர் இடைச்செருகல்

ஹோண்டா கோல்ட் விங்கின் முதல் தலைமுறையான ஜி.எல்.1000 வண்டியைப் புதுப்பிக்க எடுக்கிறவர்களில் பலர் செய்யும் முதல் காரியம், அதன் முன்னால் அலமாரி மாதிரி நிற்கும் ஃபேரிங்கைக் கழற்றி ஓரமாகப் போடுவது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அது ஒரிஜினல் இல்லை." சொல்வது சரிதான். 1975-ல் அந்த வண்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது முன்னால் இருந்தது ஒரு வட்ட ஹெட்லைட், இரண்டு பெரிய மீட்டர்கள், ஒரு ஹேண்டில்பார், அவ்வளவே. காற்றைத் தடுக்க ஒரு சாண் பிளாஸ்டிக்கூடக் கிடையாது. ஃபேரிங்கை மாட்டியவர் வண்டியை வாங்கியவர். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவர், பிற்காலத்தில் யாரோ நுழைத்த பாட்டைக் கண்டுபிடித்துப் பின்னிணைப்புக்குத் தள்ளுவாரே, அப்படியொரு சுத்தமான காரியம் என்று இவர்கள் இதை நினைக்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இடைச்செருகல் என்ற சொல்லை நாம் எப்போதும் குற்றச்சாட்டாகவே பயன்படுத்தி வருகிறோம். மூலத்தில் ஏதோ குறைகிறது என்று உணர்ந்த ஒரு வாசகர் தன் கையால் சேர்த்தது அது என்ற பக்கம் நமக்கு மறந்துபோகிறது. சேர்த்தது மூலத்தோடு பொருந்துகிறதா, மூலம் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது விமர்சனம். பின்னால் வந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவது தேதி பார்க்கிற வேலை. கம்பெனி தராமல் வெளியார் செய்து விற்கும் பாகங்களை நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்பார்கள். அந்த 'எக்ஸ்ட்ரா'வில் ஒரு லேசான இளப்பம் இருக்கிறது. ஒரே ஒரு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கை எடுத்துக்கொண்டு அந்த இளப்பம் நியாயமா என்று பார்க்கலாம். அதன் பெயர் விண்ட்ஜாமர். பாய்மரக் கப்பலைக் குறிக்கும் சொல்.

முதலில், ஃபேரிங் என்றால் என்ன? வண்டியின் முன்பக்கம் காற்றை விலக்க மாட்டும் ஓடு. கரிஸ்மாவிலும் ஆர்15-இலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவையெல்லாம் ரேஸ் வண்டியின் வாரிசுகள். ரேஸ் ஃபேரிங்குக்கு வேகம் ஒன்றே குறி. 1950-களில் முன்சக்கரத்தையே முழுக்க மூடும் 'டஸ்ட்பின்' ஃபேரிங்குகள் பந்தயத்தில் ஓடின. பக்கக் காற்று அடித்தால் வண்டியைத் தூக்கிப் போடுகிறது என்ற பயத்தில் 1958 முதல் உலகப் பந்தயங்களில் அவற்றுக்குத் தடை வந்தது. டூரிங் ஃபேரிங் வேறு வகை. அது அகலமாக, உயரமாக, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும். சில சமயம் வண்டியின் வேகத்தைக் குறைக்கும், பெட்ரோலையும் கொஞ்சம் கூடக் குடிக்கவைக்கும். அதன் அக்கறை வண்டியைப் பற்றியதே இல்லை; ஓட்டுகிறவரின் கழுத்து, தோள், விரல்கள் பற்றியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் உடம்பு காற்றுக்குக் காட்டும் பரப்பை அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு பள்ளிக்கூட இயற்பியலைப் போட்டால், ஏறத்தாழ 19 கிலோ எடை நெஞ்சில் சாய்ந்து நிற்பதற்குச் சமமான தள்ளு வருகிறது. 110-க்குப் போனால் 28 கிலோ. அத்தனையையும் தாங்குவது ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கை. எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கா 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகத்தைக் கட்டிப்போட்டது; அது கிட்டத்தட்ட இந்த 90 கி.மீ. தான். சிகாகோவிலிருந்து டென்வர் சுமார் 1,600 கி.மீ. சட்டத்தை மதித்துப் போனால் ஓட்டும் நேரம் மட்டும் 18 மணி. பதினெட்டு மணி நேரம் 19 கிலோ. அதில் மழை சேர்த்தி இல்லை, குளிர் சேர்த்தி இல்லை, முகத்தில் அடிக்கும் பூச்சிகளும் சேர்த்தி இல்லை.

ஜி.எல்.1000 இந்தத் தூரத்துக்காகவே பிறந்தது போன்ற எஞ்சின். 999 சி.சி., படுக்கையாக வைத்த நான்கு சிலிண்டர், தண்ணீர்க் குளிரூட்டல், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில். மேலே டாங்க் மாதிரி இருப்பது பொய் டாங்க். திறந்தால் உள்ளே ஃபியூஸ், சாமான் வைக்க ஒரு சிறிய தட்டு. எண்ணெய் வடியாது, செயின் அறாது, அதிர்வு கிடையாது. அந்த எஞ்சின் நாள் முழுக்க ஓடத் தயார். மேலே உட்கார்ந்திருக்கிற மனிதர் மூன்று மணி நேரத்தில் துவண்டுபோவார். எஞ்சினுக்கு ஹோண்டா கொடுத்த யோசனையில் பாதியைக்கூட மனிதருக்குக் கொடுக்கவில்லை. மூலத்தின் குறை என்று நான் சொல்வது இதைத்தான். கோல்ட் விங் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் கடைக்கு வந்த வண்டி.

பதில் இலினாய் மாநிலத்திலிருந்து வந்தது. கிரெய்க் வெட்டர், வடிவமைப்பு படித்தவர். 1960-களின் பிற்பாதியிலிருந்தே ஃபேரிங் செய்து விற்று வந்தார். ரன்டூல் என்ற சிற்றூரில் அவர் தொழிற்சாலை இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த விண்ட்ஜாமர் அவருடைய பெரிய வெற்றி. கோல்ட் விங்குக்கும் முந்தையது. ஆகவே அதற்கென்றே செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. எந்தப் பெரிய வண்டிக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

ஓடு ஒன்றுதான். வண்டிக்கு வண்டி மாறுவது பிராக்கெட் மட்டும். ஹோண்டாவுக்கு ஒன்று, கவாசாகிக்கு ஒன்று, பிஎம்டபிள்யூவுக்கு ஒன்று. ஒரு முனை குறிப்பிட்ட வண்டியின் ஃபிரேமைப் பிடிக்கும். மறு முனை எப்போதும் ஒரே ஓட்டை ஏந்தும். என் தொழிலில் இதற்கு அடாப்டர் என்று பெயர். புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறோம். ஆனால் இதன் விளைவு எந்தப் பாடத்திலும் வராத அழகு உள்ளது: வண்டியை விற்கும்போது ஃபேரிங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்குப் புது பிராக்கெட் மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள் நிறைய. ஃபேரிங் வண்டிக்குச் சொந்தமில்லை, ஓட்டுகிறவருக்குச் சொந்தம். மழைக்கோட்டு மாதிரி.

இரண்டாவது முடிவு இதைவிட முக்கியம். ஹார்லி-டேவிட்சன் எலக்ட்ரா கிளைடில் 1969-ல் வந்த, வௌவால் சிறகு என்று பேர் வாங்கிய ஃபேரிங், ஃபோர்க்கோடு சேர்ந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் அதுவும் திரும்பும். பார்க்க இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் காற்றின் அறை நேராக ஸ்டியரிங்குக்குப் போகும். விண்ட்ஜாமர் ஃபிரேமில் நிற்கிறது. காற்று அடித்தால் மொத்த வண்டியையும்தான் அடிக்கும், கைக்கு வராது. இதற்கு ஒரு விலை உண்டு: ஹெட்லைட் ஃபேரிங்குக்குள் போய்விட்டது, ஆகவே ஹேண்டிலைத் திருப்பினாலும் வெளிச்சம் திரும்பாது. முதல் தடவை ஓட்டுகிறவருக்கு, வளைவில் கைகள் ஒரு பக்கம் போக முன்னால் உள்ள ஓடு நேராகவே நிற்பது வயிற்றைக் கலக்கும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். கார் ஹெட்லைட்டும் அப்படித்தானே, யாரும் பயப்படுவதில்லை.

இனி அழகு. விண்ட்ஜாமர் அழகாக இருக்கிறதா? இல்லை. அதில் சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் ஒற்றைக் கண்ணோடு முறைக்கும் பீரோ. வண்டியின் எந்தக் கோட்டோடும் அது உரையாடுவதில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டியது எந்த வண்டியோடும் தனியாகப் பேச முடியாது. ஆனால் இதைச் செய்தவருக்கு அழகு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ட்ரையம்ஃப் எக்ஸ்-75 ஹரிகேனை வடிவமைத்ததும் இதே வெட்டர்தான். டாங்க்கிலிருந்து சீட்டுக்கு ஒரே வழுக்கலாக ஓடும் ஆரஞ்சு உடல், ஒரே பக்கம் அடுக்கிய மூன்று சைலன்சர். மோட்டார்சைக்கிள் வடிவமைப்பில் யாரும் தவிர்க்க முடியாத வண்டி அது. அப்படியொரு கோட்டை இழுக்கத் தெரிந்த கை, விண்ட்ஜாமரில் அந்த ஆசையை அடக்கிக்கொண்டது. ஹரிகேன் பார்க்கிறவருக்கு. விண்ட்ஜாமர் உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு. ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து அதைப் பார்த்தால் படம் வேறு: இரண்டு பக்கமும் மூடியோடு சாமான் அறைகள், முழங்கால் வரை மறைப்பு, வளைந்த கண்ணாடி. உட்புறத்திலிருந்து வாசிக்க வேண்டிய பிரதி. வெளியிலிருந்து மட்டும் வாசித்தவர்கள் அதை அசிங்கம் என்று எழுதிப் போனார்கள்.

இதுவரை சொன்னது புத்தம்புது விண்ட்ஜாமரைப் பற்றி. இன்றைய நிலவரம் வேறு. நாற்பது, ஐம்பது வருடப் பழைய வண்டி. அதே வயதில், வேறு யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிய ஓடு. மூன்றாவதாக ஒருவர் புதிதாகச் செய்த கண்ணாடி. மூன்றையும் சேர்ப்பதுதான் வேலை. இதில் எதுவும் சொன்னபடி கேட்காது.

பிராக்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டியரிங் தலைக்குப் பக்கத்திலும் கீழே இறங்கும் ஃபிரேம் குழாய்களிலும் அது உட்காருகிறது. அங்கே அடித்தளத்தில் 5 மில்லிமீட்டர் பிசகினால், மேலே கண்ணாடியின் விளிம்பில் ஒன்றரை செண்டிமீட்டர் சாய்வாகத் தெரியும். பழைய வண்டி எங்கேயோ ஒருதரம் விழுந்திருக்கும், குழாய் மயிரிழை வளைந்திருக்கும். பிராக்கெட் அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் எந்த போல்ட்டையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ஓட்டை அதன் எடையிலேயே உட்காரவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்து, திரும்ப வந்து அசைத்து, அப்புறம்தான் ஸ்பானர். துளை சேரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பி போல்ட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. சொற்களைப் பிடித்து இழுத்து எங்கேயோ மாட்டிப் பொருள் கொள்ளும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஞாபகத்துக்கு வருவார். செய்யுள் அந்த இழுப்பைத் தாங்கிவிட்டது. பிளாஸ்டிக் தாங்காது. நெம்பிய இடத்தில் இழுவிசை உள்ளேயே உறைந்து நிற்கும். ஒரு குளிர்காலம் போனால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

விரிசல் ஏற்கனவே இருந்தால், அதன் நுனி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து அங்கே ஒரு சின்ன வட்டத் துளை போட வேண்டும். கூர்மையான நுனியில் குவியும் விசை வட்டத்தில் பரவிவிடும்; விரிசல் நிற்கும். அப்புறம் ஒட்டுவது. அதற்கு ஓடு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். தொடக்க கால விண்ட்ஜாமர்கள் ஃபைபர்கிளாஸ், பிந்தியவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். ஏ.பி.எஸ். என்றால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கித் தடவலாம். இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகி இறுகும். அதே கூழை ஃபைபர்கிளாஸில் தடவினால் மேலே அப்பிய களிம்பாக நிற்கும், ஒரு மேடு பள்ளத்தில் உதிரும். அங்கே ரெசினும் கண்ணாடி இழைப் பாயும்தான் வேண்டும்.

இன்னொன்று, அனுபவசாலி மெக்கானிக்குகளே சறுக்கும் இடம். போல்ட் அதிர்வில் கழலாமலிருக்க ஒரு சொட்டு த்ரெட்லாக்கர் விடுவது நல்ல பழக்கம். எஞ்சினில் அது வேதவாக்கு. அதே சொட்டு ஃபேரிங் போல்ட்டில் வழிந்து ஏ.பி.எஸ். மேலோ பாலிகார்பனேட் கண்ணாடி மேலோ பட்டால், இறுக்கத்தில் இருக்கும் அந்த இடம் மெல்லிய நரம்புகளாக வெடிக்கும். இரும்புக்கு நல்லது பிளாஸ்டிக்குக்கு விஷம். இங்கே வேண்டியது ரப்பர் வாஷர், நைலான் நட், கொஞ்சம் நெகிழ்ச்சி. ஃபேரிங் துளியூண்டு ஆடத்தான் வேண்டும். ஆடாமல் பூட்டினால் உடையும்.

பிறகு ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் நசுங்குகிறதா, கிளட்ச் கேபிள் மடிகிறதா, கட்டைவிரல் ஓட்டில் இடிக்கிறதா. எஞ்சினை ஓடவிட்டும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாகக் கூடினால் த்ராட்டில் கேபிள் எங்கோ இழுபடுகிறது. யூ-டர்ன் அடிக்கும்போது வண்டி தன்னிஷ்டத்துக்குப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வயரிங்கில் இரண்டு விஷயம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகாது. இரும்பு உடலில் எர்த் தானாகக் கிடைத்துப் பழகியவர்கள் இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். அடுத்தது, ஜி.எல்.1000-இன் ஆல்டர்னேட்டர் தருவதே 300 வாட் அளவுதான். ஃபேரிங்கில் இடம் இருக்கிறதே என்று மூடுபனி விளக்கு, ரேடியோ, சூடான கையுறை என்று ஏற்றிக்கொண்டே போனால் பாட்டரி பட்டினி கிடக்கும். அங்கிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கனெக்டர் சூடேறி உருகுவது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஸ்டேட்டரே போய்விட்டால், அது எஞ்சினின் பின்பக்கம் இருப்பதால், எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். முன்னால் மாட்டிய ஒரு விளக்குக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

கண்ணாடியின் உயரம் கடைசியாக. கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டக் கூடாது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டும். விளிம்பு மூக்கின் மட்டத்துக்கு வந்தால் சரி. அதற்கு மேல் போனால் இரவு மழையில் கண்ணாடியில் வழியும் ஒவ்வொரு துளியும் எதிர் வண்டியின் வெளிச்சத்தை நூறாக உடைக்கும். ரொம்பவும் கீழே இருந்தால் காற்றின் சுழி சரியாக ஹெல்மெட்டில் வந்து இடிக்கும்; தலை கடகடவென ஆடும். உயரமான கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு விசித்திரம்: அங்கே காற்றழுத்தம் குறைந்துபோய், பின்னாலிருந்து காற்று சுருண்டு வந்து முதுகில் தள்ளும். காற்றைத் தடுக்கப் போய் முதுகில் வாங்கிக்கொள்வது. கீழே ஒரு வென்ட் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஓட்டுகிறவரின் உயரம் தெரியாமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. எல்லோருக்கும் பொருந்தும் ஓடு, கடைசி இரண்டு அங்குலத்தில் ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிறது.

ஃபேரிங் மாட்டியபின் 60, 70-ல் கையை லேசாக்கினால் ஹேண்டில் உதறுகிறது என்று சிலர் சொல்வார்கள். ஃபேரிங்கைக் கழற்றினால் நின்றுவிடும். ஆக, குற்றவாளி ஃபேரிங். ஆனால் பல வண்டிகளில் உண்மையான நோய் தேய்ந்த ஸ்டியரிங் பேரிங், அல்லது ஒரு பக்கமாகத் தேய்ந்த முன் டயர். முன்னால் எடை கூடியதும் அது வெளியே வந்தது. நல்ல உரை மூலத்தின் ஓட்டையைக் காட்டிவிடும். அதற்காக உரையாசிரியரைத் திட்டுவது பழைய வழக்கம்தான்.

இங்கே பெர்சிக்கைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. ராபர்ட் பெர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' 1974-ல் வந்தது, கோல்ட் விங் கடைக்கு வருவதற்கு முந்தைய வருடம். மோட்டார்சைக்கிளைப் பற்றி வாசிக்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது போய் நிற்கும் வாசல். அதன் தொடக்கத்திலேயே ஒரு புகழ்பெற்ற வாதம்: காரில் போகிறவர் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு, ஜன்னல் வழியாக உலகத்தை டிவி மாதிரி பார்க்கிறார், மோட்டார்சைக்கிளில் அந்தச் சட்டகம் இல்லை, நீங்கள் காட்சிக்குள்ளேயே இருக்கிறீர்கள். இந்த வாதத்தை அப்படியே ஏற்றால் விண்ட்ஜாமர் ஒரு துரோகம். கழற்றிய ஜன்னலைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறது அது.

ஆனால் அதே புத்தகத்தில் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு இடம். நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. கதைசொல்லி, பீர் கேனின் அலுமினியத்தகட்டை வெட்டி இடுக்கில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். ஜானுக்கு அது அவமானம். ஜெர்மன் பொறியியலின் பெருமைக்கு பீர் கேனா! அந்தத் தகடு ஷிம் வேலைக்கு எவ்வளவு உகந்தது என்ற விளக்கம் அவர் காதில் ஏறுவதில்லை. ஜானுக்கு வேண்டியது கம்பெனி பார்ட். புத்தகத்தின் அனுதாபம் முழுக்க பீர் கேனின் பக்கம்.

இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புத்தகம் தனக்குத்தானே முரண்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இடத்தில் பேசுவது காட்சியை ரசிக்கிறவர். இரண்டாவதில் பேசுவது கையில் ஸ்பானர் உள்ளவர். ரசிகருக்குச் சட்டகம் கூடாது. ஸ்பானர்காரருக்கு வழுக்கும் ஹேண்டில் கூடாது, மரத்துப்போன விரல் கூடாது. பதினைந்தாவது மணி நேரத்தில், மழையில், காட்சிக்குள் இருப்பது என்பது ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான். அங்கே காட்சி எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெர்சிக் இதை அறியாதவர் இல்லை. மழையில் ஓட்டிய மனிதர்தான். என்றாலும் பின்னால் வந்த பைக் எழுத்தாளர்கள் எல்லோரும் முதல் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காற்றில் சுதந்திரம், முகத்தில் காற்று என்று எழுதித் தள்ளினார்கள். பீர் கேனின் வழியில் ஃபேரிங்குக்கு வந்து சேர்ந்தவர்கள் கட்டுரை எழுதவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடைச்செருகலைக் கம்பெனிகளும் வாசித்தன. பிஎம்டபிள்யூ 1976-ல் ஆர்100ஆர்எஸ் கொண்டுவந்தது. ஹான்ஸ் முத் வடிவமைத்து, இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செதுக்கிய முழு ஃபேரிங். ஃபேக்டரியிலிருந்தே ஃபேரிங்கோடு வந்த முதல் வண்டி என்று இதை அடிக்கடி சொல்வார்கள், 1950-களின் வின்சென்ட் பிளாக் பிரின்ஸையும் ஏரியல் லீடரையும் மறந்துவிட்டு. ஆர்எஸ் அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது குறுகிய ஹேண்டிலை வைத்து, ஓட்டுகிறவரைக் குனியவைத்து, அவரைத் தன் நிழலுக்குள் மடித்துக்கொள்கிறது. ஃபேரிங்குக்கு ஏற்ப மனிதர். இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனி, அகலமான ஃபேரிங்கும் நிமிர்ந்த ஹேண்டிலும் வைத்து ஆர்100ஆர்டி விட வேண்டியிருந்தது. அதில் வெட்டரின் பாடம் தெரிகிறது என்பது என் வாசிப்பு.

ஹோண்டா 1980-ல் ஜி.எல்.1100 இன்டர்ஸ்டேட்டை விட்டது. ஃபேரிங், பக்கப் பெட்டிகள், பின் பெட்டி எல்லாம் கம்பெனியே மாட்டியது. ஐந்து வருடமாக வாங்கியவர்கள் தங்கள் செலவில் எழுதிவந்த உரையை மூலத்துக்குள் சேர்த்து, ஆசிரியர் பெயரில் அச்சிட்டது மாதிரி. பொருத்தம் கச்சிதம், நிறம் ஒன்று, வயரிங் சுத்தம். ஓட்டுகிறவருக்கு லாபம்தான். தனி ஃபேரிங் வியாபாரம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கூடவே ஒன்று போயிற்று: இந்த ஓட்டைக் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோக முடியாது. மழைக்கோட்டைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

1988-ல் வந்த ஆறு சிலிண்டர் ஜி.எல்.1500-இல் இது முற்றியது. உடல் முழுக்க பேனல். எங்கே ஃபேரிங் முடிகிறது, எங்கே வண்டி தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றாலே மேல்மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது, வயதாகி மொறுமொறுத்துப்போன பிளாஸ்டிக் காது ஒன்று ரப்பர் குழிக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். இன்று 'பழைய டூரிங் வண்டி' என்றால் பலருக்கும் இதுதான். இதற்கும் வெளியார் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை என்ன? குரோம் பட்டை, குரோம் வளையம், குரோம் கழுகு, எரிந்து எரிந்து அணையும் விளக்குச் சரம். இவற்றின் மேல் எனக்கு மரியாதை இல்லை. வண்டி கேட்காத கேள்விக்கு உரத்த குரலில் பதில் சொல்கிறவை. எக்ஸ்ட்ரா என்ற இளப்பம் இவற்றுக்குத் தகும். அதே கடையில், கீழிருந்து முழங்காலில் சூடு அடிக்காமல் திருப்பிவிடும் ஒரு சாதாரண பிளாஸ்டிக் மடக்கு கிடைக்கும். நிறமில்லாமல், விலை குறைவாக, அலமாரியின் கடைசித் தட்டில். அது வெட்டரின் வாரிசு.

இனி, ஃபேரிங்கைக் கழற்றி ஓரமாகப் போட்டவரிடம் வருவோம். கழற்றியதும் அவர் முன்னால் ஒரு வெற்றிடம். விண்ட்ஜாமரைப் பூட்டிய அன்று வண்டியின் சொந்த ஹெட்லைட் டூமைக் கழற்றியாக வேண்டும். இண்டிகேட்டர்களும் இடம் மாறும். கழற்றியவர் அவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு கராஜ் பரணில் வைத்திருப்பார். வண்டி நான்கு கை மாறியதில் பெட்டி எங்கேயோ போயிருக்கும். ஆகவே அவர் டூம் தேட வேண்டும், அதைத் தாங்கும் இரண்டு காதுகளைத் தேட வேண்டும், இண்டிகேட்டர் தண்டுகளைத் தேட வேண்டும். பழையது கிடைத்தால் துரு. கிடைக்காவிட்டால் அதே அச்சில் இன்று யாரோ புதிதாக வார்த்து விற்பதை வாங்கி மாட்டுவார். ஒரிஜினல் முகம் தயார், 1975-ஐப் போலவே. ஃபிரேம் குழாய்களில் பிராக்கெட் கிளாம்ப் இத்தனை வருடம் இறுகிப் பிடித்திருந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து வளையம் வளையமாக இரும்பு தெரியும். அதன் மேல் அவர் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்.